இரண்டு கடல் வைத்த கென்யா

புனிதன் காலையில் எழுந்தான். போர்வையை மடித்தான். கெத்தலில் தண்ணீர் வைத்தான். கொதிக்கும்வரை பல் தேய்த்தான். பாதித் தண்ணீரை வாளியில் ஊற்றிக் குளித்தான். மீதியில் தேநீர் போட்டான். சட்டை போட்டான். சட்டைக்கு மேல் சுவெட்டர் போட்டான். ஜன்னலைத் திறந்தான். வெளியே மூடுபனி. ஜன்னலை மூடினான்.

பிறகு அத்தை தோசையோடு வந்தாள்.

"சாப்பிடுங்க மாப்ள."

சாப்பிட்டான்.

"சட்னில உப்பு இருக்கா?"

"இருக்கு."

"கடைசியா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல அத்த."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எட்டு மாதமாகக் காலை இப்படித்தான் நடந்தது. தோசை சில நாள் இட்லியாகும். கேள்வி மாறாது.

அத்தை என்பது அவன் மாமியார் அம்மாக்கண்ணு. அடுத்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தாள். அவள் மகள் குமுதாதான் புனிதனின் மனைவி. மலேசிய மலையில் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். காய்ச்சல் என்று தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மகளுக்குக் குளிருமே என்று அம்மாக்கண்ணு கம்பளி எடுக்க வீட்டுக்கு ஓடினாள். கம்பளியோடு திரும்பியபோது ஆம்புலன்ஸ் மலையிறங்கிவிட்டிருந்தது. வழியிலேயே குமுதாவுக்கு நினைவு போனது. திரும்பவில்லை.

ஆகவே குமுதா கடைசியாகப் பேசியது புனிதனிடம். என்ன பேசினாள் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தான். மகளைப் பறிகொடுத்தவளிடம் போய் இதையா சொல்வது என்றும் நினைத்தான்.

அவன் சொல்லாததால் தோட்டமே சொல்லியது. "முருகான்னு ஒரே வார்த்த" என்றார் கோயில் கமிட்டித் தலைவர் இருளப்பன். அவர் அன்று லெம்பா பெர்த்தாமில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். "அம்மாவ விட்றாதீங்கன்னு அழுதுச்சாம்" என்றாள் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி. அவளும் அங்கே இல்லை. அம்மாக்கண்ணு இரண்டையும் நம்பவில்லை.

"முருகான்னு சொல்ற ஆளா அவ? சூரசம்ஹாரத்தன்னைக்கே டிவில பாட்டுப் போட்டி பாத்தவ."

இந்த நிலைமையில்தான் கென்யா வந்தது.

தோட்டத்து நிர்வாகி ஜெகதீஸ்வரன் சித்தியவான் பக்கத்துத் தமிழர். ஜீன்ஸ் போடுவார். கைப்பேசியில் மீன்பிடி விளையாட்டு ஆடுவார். ஆனாலும் அவர் துரைதான். வெள்ளைக்காரன் காலி செய்துபோன அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இங்கே துரைதான். அவர், கணக்கெழுதும் சின்னக் கிராணியான புனிதனை ஆபீசுக்குள் கூப்பிட்டார்.

"கென்யாவுலேருந்து ஒரு மேடம் வராங்க. அங்க தேயிலைச் சங்கத்துக்குத் தலைவி. நம்ம கொழுந்து வெட்டுற மிசினப் பாக்க வராங்க. தீபாவளி நேரம். மண்டபத்துல கலர் அரிசிக் கோலம் போடுவோம்ல?"

"போடுவோம் சார்."

"இந்த வருசம் மயில் வேணாம். கென்யா போடுங்க."

"கென்யாவா?"

"மேப். உள்ள வந்ததும் அந்தம்மா தன் நாட்டத் தரையில பாக்கணும். அசந்துபோகணும். நீதான புவியியல் படிச்சவன். ஏற்பாடு பண்ணு."

ஏற்பாடு என்றால் அம்மாக்கண்ணு. தோட்டத்தில் கோலத்துக்கு அவள்தான் துரை. அவள் தலையசைத்தால் இருபது பெண்கள் அரிசியோடு வருவார்கள். அசைக்காவிட்டால் ஒரு மணி அரிசி விழாது. புனிதன் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நாடெல்லாம் எனக்கு வராது மாப்ள. மயிலு வரும். தாமர வரும்."

"நான் சுண்ணாம்புக் கட்டியில கோடு போட்டுத் தரேன் அத்த. நீங்க உள்ள அரிசி நெரப்புனா போதும்."

அம்மாக்கண்ணு ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். அடுத்த காம்பைக் கிள்ளவில்லை.

"போட்டுத் தரேன். ஆனா அவ கடைசியா என்ன சொன்னான்னு நீங்க சொல்லணும்."

புனிதன் சுவரைப் பார்த்தான். சுவரில் கியா பார்ம் உரக்கடை காலண்டர் தொங்கியது. அதில் ஒரு முட்டைக்கோசு சிரித்துக்கொண்டிருந்தது.

"சரி" என்றான். பிறகு, தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொள்வோமே என்று, "ஆனா அந்தம்மா பாத்துட்டு, இது எங்க நாடுதான்னு அவங்க வாயால சொல்லணும். அப்பதான்" என்றான்.

"சொல்ல வைக்கிறேன்லா" என்றாள் அம்மாக்கண்ணு. கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாள் மாலை மண்டபத்தில் பெண்கள் கூடினார்கள். எந்த இடத்துக்கு என்ன நிறம் என்று தெரிய வேண்டும் அல்லவா? புனிதன் நின்றுகொண்டு கென்யாவைச் சொன்னான். ரேஷன் அறிவிப்பு வாசிப்பதுபோலச் சொன்னான்.

"கென்யா. ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கம். மலேசியாவைவிடப் பெரிது. ஜனத்தொகை ஐந்தரைக் கோடி. தலைநகரம் நைரோபி. வலப்பக்கம் இந்தியப் பெருங்கடல், கரையில் மொம்பாசா துறைமுகம். இடப்பக்கம் விக்டோரியா ஏரி. ஏரிக்கு முன்னால் வடக்கு தெற்காகப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு. நடுவில் பூமத்திய ரேகை ஓடுகிறது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே கென்யா மலை. உச்சியில் பனி."

"வெயிலு கொளுத்துற கோட்டுக்குப் பக்கத்துல பனியா?" என்றாள் யோகேஸ்வரி. "அப்ப நாம இங்க சுவெட்டர் போட்டுக்கிட்டு அலட்டிக்கிறதெல்லாம் சும்மா."

"தேயிலை கெரிச்சோ பக்கம். ஏரிக்குக் கிழக்கே. பச்சை அரிசி போடலாம்."

"ஜனங்க எப்படி?" என்று இருளப்பன் கேட்டார். அவரை யாரும் கூப்பிடவில்லை. மண்டபத்துச் சாவி அவரிடம் இருந்ததால் கூடவே வந்துவிட்டார்.

"நாற்பதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். கிக்குயு, லுவோ, காலெஞ்சின், மசாய். நம்மைப்போல் இந்தியப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறியவர்களையும் நாற்பத்து நான்காவது இனக்குழுவென்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டது."

இருளப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்மாளையா? அப்ப அங்க போனா நாமளும் பதிவுல இருக்கமா?"

"நீங்க இங்கயே பதிவுல இருக்கீங்கலா" என்றாள் யோகேஸ்வரி. "காஞ்சிக் கடை சாராயக் கடன் நோட்டுல."

"அரசாங்கம்?" என்று அம்மாக்கண்ணு கேட்டாள். வேலையைப் பாதியில் விட அவளுக்குப் பிடிக்காது.

"ஜனாதிபதி. இரண்டு அவை கொண்ட நாடாளுமன்றம். நாடு நாற்பத்தேழு கவுண்டிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆளுநர். ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் பெண் பிரதிநிதி என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாடாளுமன்றத்துக்கு அனுப்புவார்கள். அந்த இடத்துக்கு ஆண்கள் நிற்க முடியாது."

இருபது பெண்களும் மெல்லத் திரும்பி இருளப்பனைப் பார்த்தார்கள். கோயில் கமிட்டியில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் மீசை.

"அது அந்த நாட்டு வழக்கம்" என்றார் இருளப்பன். "நம்ம ஊரு சீதோஷ்ணத்துக்குச் சரிப்படாது."

பிறகு புனிதன் கைப்பேசியைப் பார்த்துத் தரையில் கட்டம் கட்டினான். கட்டத்துக்குக் கட்டம் அளந்து கென்யாவை வரைந்தான். சோமாலியாப் பக்கம் நேர்க்கோடு. தான்சானியாப் பக்கம் சாய்கோடு. கிளிமஞ்சாரோ மலைக்காக நடுவில் ஒரு நெளிவு. இடப்பக்கம் ஏரி கடித்த இடம். நல்ல படம். அவன் ஆசிரியர் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனான்.

காலையில் பெண்கள் சீக்கிரமே மண்டபத்துக்கு வந்தார்கள். அதனால் அன்று தோசையை ஒரு பையன் கொண்டுவந்தான். பையன் ஒன்றும் கேட்கவில்லை. புனிதன் ஆபீசுக்குப் போய், விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டிய தேயிலைப் பொட்டலங்களைச் சரிபார்த்துவிட்டு மண்டபத்துக்கு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

தரையில் ஒரு பிரம்மாண்டமான தவளை கால் விரித்து உட்கார்ந்திருந்தது.

அது கென்யா. ஆனால் அதற்கு வலப்பக்கம் ஒரு கடல், இடப்பக்கம் ஒரு கடல். இடப்பக்கம் ஒரு விக்டோரியா ஏரி, வலப்பக்கம் ஒரு விக்டோரியா ஏரி. இரண்டு மொம்பாசா. இரண்டு கெரிச்சோ, இரண்டிலும் பச்சை அரிசி கொழுந்து மாதிரியே மின்னியது. மேற்கே கிடக்க வேண்டிய பெரும் பிளவுப் பள்ளத்தாக்கை நடுவுக்கு நகர்த்தித் தலைவகிடு மாதிரி நேராக எடுத்திருந்தார்கள். கென்யா மலை வகிட்டின் உச்சியில், நெற்றிச்சுட்டி மாதிரி. நைரோபியின் மேல் குத்துவிளக்கு. சோமாலியா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மயில். உகாண்டா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மயில்.

"அத்த" என்றான். "என்ன இது?"

அம்மாக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். முகத்தில் நீல அரிசிச் சாயம்.

"நீங்க போட்டது கோணலா இருந்துச்சு மாப்ள. ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு, ஒரு பக்கம் சூம்பி. இவளுகளும் பாத்தாளுக. யாரும் ஒண்ணும் சொல்லல. பாவம், பொண்டாட்டி போன துக்கத்துல கை கோணிடுச்சு, நாம சத்தமில்லாம சரி பண்ணி விட்டுருவோம்னு பண்ணிட்டோம்."

இருபது பெண்களும் அவனைக் கருணையோடு பார்த்தார்கள்.

"நாடே அப்படித்தான் அத்த."

"நாடே கோணலா?"

"கோணல்தான்."

"இவ்ளோ பெரிய நாட்டுக்கு அத நிமித்தி வைக்க ஒரு ஆளில்லயா? நாப்பத்தேழு ஆளுநரு இருக்காங்கன்னீங்க."

அப்போது துரை வந்தார். பார்த்தார். கைப்பேசியை எடுத்துக் கென்யாவைத் தேடினார். கைப்பேசியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புனிதன். ஒரு பாதி மேல கம்பளம் போட்டு மூடிரலாம். எந்தப் பாதி நெஜம்?"

புனிதன் யோசித்தான். இடப்பாதியை மூடினால் உண்மையான ஏரி போகும். வலப்பாதியை மூடினால் உண்மையான கடல் போகும்.

"ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் நெஜம் சார்."

"கண்ணாடில தெரியிற கென்யான்னு சொல்லிருவோம்" என்றார் இருளப்பன். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. காரணம், அவர் வரும்போது கதவைத் திறந்தே விட்டிருந்தார். அந்த வழியாக அவருடைய சேவல் உள்ளே வந்து வடக்கு எல்லையில் மேயத் தொடங்கியிருந்தது. யோகேஸ்வரி விளக்குமாறோடு பாய்ந்தாள். சேவல் இரண்டு கவுண்டிகளைத் தின்றுவிட்டு இந்தியப் பெருங்கடல் வழியாகத் தப்பி ஓடியது. அடுத்த நிமிடம் மறுபக்கத்திலும் அதே இடத்தில் அரிசியைக் கலைத்து ஓட்டை போட்டாள் யோகேஸ்வரி.

"ஏன்லா?" என்று துரை கிட்டத்தட்ட அழுதார்.

"ஒரு பக்கம் மட்டும் ஓட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்?"

வாசலில் வண்டி வந்து நின்றது.

கென்யத் தேயிலைச் சங்கத் தலைவி செபெட் உயரமானவர். ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் தலைத்துணி. மலைப்பாதையின் வளைவுகள் அவர் முகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. கோயில் கமிட்டித் தலைவர் என்று சொல்லிக்கொண்டு இருளப்பன் மாலை போட்டார். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். துரை ஆங்கிலத்தில் வரவேற்புச் சொல்லிக்கொண்டே விருந்தாளிக்கும் தரைக்கும் நடுவில் நின்றார். விருந்தாளி வலப்பக்கம் எட்டிப் பார்த்தால் வலப்பக்கம் நகர்ந்தார். இடப்பக்கம் எட்டிப் பார்த்தால் இடப்பக்கம் நகர்ந்தார். ஆனால் செபெட் அவரைவிட ஒரு தலை உயரம். அவர் தலைக்கு மேலாகவே பார்த்துவிட்டார்.

"அழகாக இருக்கிறது. இது என்ன?"

துரை புனிதனைப் பார்த்தார்.

"கென்யா" என்றான் புனிதன்.

செபெட் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கோலத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். நின்றார். திரும்பி எதிர்த்திசையில் ஒரு முறை நடந்தார்.

"இது விக்டோரியா ஏரி" என்றார். "இதுவும் விக்டோரியா ஏரி. மொம்பாசா. மொம்பாசா."

அம்மாக்கண்ணு முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் விருந்தாளியைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி என்று கேட்கலாமா?" என்றார் செபெட்.

புனிதன் அத்தையிடம் கேட்டான். அம்மாக்கண்ணு நேராக விருந்தாளியிடமே தமிழில் சொன்னாள். "ஒரு பக்கம் ஒண்ணு இருந்தா மறுபக்கமும் இருக்கணும்மா. ஒரு பக்கம் மட்டும் இருந்தா வீட்டுக்கு ஆகாது."

புனிதன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் கொஞ்சம் நின்றான். பிறகு அதையும் சொன்னான்.

செபெட் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "எங்களுக்கு நாற்பத்தேழு கவுண்டிகள். இதில் தொண்ணூற்று நான்கு இருக்கும். தேர்தல் செலவு தாங்காது" என்றார். பிறகு குனிந்து பச்சை அரிசியைக் காட்டினார். "இது எங்கள் ஊர். கெரிச்சோ. அதுவும் எங்கள் ஊர். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. அந்த கெரிச்சோவில் என் மாமியார் இருக்கட்டும். இந்த கெரிச்சோவில் நான் இருந்துகொள்கிறேன்."

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

புனிதன் மொழிபெயர்த்தான். பெண்கள் சிரித்த சிரிப்பில் குத்துவிளக்குச் சுடர் ஆடியது. அம்மாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

"அதெல்லாம் சரி. இது அவங்க நாடுதானான்னு கேளுங்க."

புனிதன் தயங்கினான். வேறு எதையாவது கேட்டுவிடலாம். ஆனால் துரைக்கு ஆங்கிலம் தெரியும். தவிர, இருபது பெண்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். பேரம் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

கேட்டான்.

செபெட் அந்த அம்மாளின் நீலச் சாயம் பட்ட முகத்தைப் பார்த்தார். ஏதோ கணக்கு நடக்கிறது, தன் பதிலில் யாருக்கோ ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆமாம். இது என் நாடுதான்" என்றார். "நன்றாகச் சாப்பிட்டுத் தேறியிருக்கிறது, அவ்வளவுதான்."

புனிதன் மொழிபெயர்த்தான். முதல் வாக்கியத்தோடு அம்மாக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். யோகேஸ்வரி கைதட்டினாள். துரை ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். விருந்தாளி இருளப்பன் பக்கம் திரும்பி, இந்தப் பெண்களில் யார் உங்கள் கமிட்டிப் பிரதிநிதி என்று கேட்டார். புனிதன் அதையும் மொழிபெயர்த்தான், தேவைக்கு மேல் சத்தமாக. இருளப்பன் சேவலைத் தேடி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

விருந்தாளி கொழுந்து வெட்டும் மிசினைப் பார்த்தார். தேநீர் குடித்தார். எங்கள் தேநீர் இதைவிடத் திடம் என்று மரியாதையாகச் சொன்னார். மத்தியானத்துக்கு மேல் வண்டி திரிங்காப் வழியாகக் கீழே இறங்கியது. பெண்கள் சமைக்கப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது.

புனிதன் மண்டபத்தைப் பூட்டப் போனான். அம்மாக்கண்ணு போகவில்லை. இடது மொம்பாசாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் வலது மொம்பாசாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். நடுவில் ஒரு நாடு கிடந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

"பெருசா ஒண்ணும் இல்ல அத்த."

"நான் பெருசா கேட்டனா?"

"நீங்க நெனைக்கிற மாதிரி இருக்காது."

"முருகான்னே சொல்லியிருந்தாலும் சொல்லிருங்க மாப்ள. தாங்கிக்கிறேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னைக்கும் மழ. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுச்சு. தள்ளுவண்டில வச்சுத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. நான் மருந்துப் புட்டிய மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு கூடவே ஓடுனேன். நர்ஸ் மிஸ்ஸி முன்னால ஏறிட்டா. தள்ளுவண்டியத் தூக்கி உள்ள ஏத்தப் போறாங்க. அப்பத் தலைய நிமித்துனா."

"வலிச்சுச்சா அவளுக்கு?"

"தெரியல. என்னயப் பாக்கல. கீழ என் காலப் பாத்தா. சிரிச்சா."

"சிரிச்சாளா?"

"நல்லா சிரிச்சா. மிஸ்ஸி கூடத் திரும்பிப் பாத்தா."

அம்மாக்கண்ணு முன்னால் சாய்ந்தாள். கை அரிசியில் பட்டுக் கடற்கரை கலைந்தது. அவள் கவனிக்கவில்லை.

"என்ன சொன்னா?"

புனிதன் குமுதா சொன்னபடியே சொன்னான்.

"ஐயோ, ரெண்டும் எடது கால் சிலிப்பர்லா. இப்படியேவா ஈப்போ வரைக்கும் வரப்போறீங்க?"